மேற்பார்வையில் விளையும் கைத்திறன்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கண் மருத்துவப் பயிற்சி

மலேசியாவில் ஒருவர் கண் நிபுணராக அங்கீகாரம் பெற, மருத்துவப் படிப்பைத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தின் பெரும்பகுதி வகுப்பறையில் அன்று, மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிலும் அறுவை அரங்குகளிலும், மூத்த மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் கழிகிறது. நூலறிவும் தேர்வுகளும் இத்துறைக்கு இன்றியமையாதவை என்றாலும், ஒரு கண் மருத்துவரை உருவாக்குவது திரும்பத் திரும்பச் செய்த வேலையும், அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்திய ஆசிரியருமே. இந்த உண்மையைப் பொதுமக்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் கோலாலம்பூர் மருத்துவமனையிலோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ கண்ணைக் காட்டக் காத்திருக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பயிற்சியில் பங்கு பெறுகிறார்கள்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கண் தொடர்பான பணியில் இருப்போர் எல்லாரையும் ‘கண் டாக்டர்’ என்று பொதுவாகக் குறிப்பிடும் பழக்கம் மக்களிடையே உண்டு. ஆனால் பார்வைத் திறனை அளந்து கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கும் ஓப்டோமெட்ரிஸ்ட், அக்கண்ணாடியைச் செய்து பொருத்தும் ஓப்டீஷியன், நோயைக் கண்டறிந்து மருந்தும் அறுவையும் அளிக்கும் கண் மருத்துவர் ஆகிய மூவரும் வெவ்வேறு பயிற்சி பெற்றவர்கள். முதல் இருவரின் தொழிலை 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மூன்றாமவர் முழு மருத்துவப் பட்டம் பெற்ற பிறகே கண் துறைக்குள் வருகிறார். இக்கட்டுரை அவரைப் பற்றியது.

ஐந்தாண்டு மருத்துவப் பட்டப்படிப்பை முடித்தவர் இரண்டு ஆண்டுகள் ‘ஹவுஸ்மன்’ எனப்படும் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். பொது மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, எலும்பியல் என நான்கு மாதத்திற்கு ஒரு துறையாக அவர் சுழன்று வருகையில், கண் துறை அந்தக் கட்டாயச் சுற்றில் பொதுவாக இடம்பெறுவதில்லை. ஆகவே, கண் மருத்துவத்தில் நாட்டம் உள்ளவர் அதன்பின் வரும் மருத்துவ அதிகாரிப் பணியின்போது, அதாவது ‘எம்.ஓ.’ என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படும் நிலையில், கண் பிரிவு ஒன்றில் சேர்ந்து தம் ஆர்வத்தையும் பொறுமையையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்துதான் நான்கு ஆண்டு ‘மாஸ்டர்ஸ்’ என்னும் முதுகலை நிபுணத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், செராஸில் மருத்துவமனை கொண்ட மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், கிளந்தானில் மருத்துவ வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் முதலியவை இப்பயிற்சியை நடத்துகின்றன. பயிற்சியாளர்களுள் ஒரு பகுதியினர் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் சுழற்சியில் பணியாற்றுகிறார்கள். பட்டம் பெற்றவுடன் நிபுணராகிவிட முடியாது. மேலும் சில மாதங்கள் மேற்பார்வையில் பணிபுரிந்த பின்பே அரசு அவரை நிபுணராக அறிவிக்கிறது. 2017 ஜூலை முதல், தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் நிபுணராகத் தொழில் புரியச் சட்டம் இடம் தருவதில்லை.

பிரிட்டனின் அரச மருத்துவக் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதியபடியே உள்நாட்டு மருத்துவமனையில் பயிற்சி பெறும் ‘இணைவழி’ ஒன்றும் பல துறைகளில் உண்டு. அதன் தகுதியை ஏற்பது பற்றி எழுந்த நெடிய சர்ச்சையைத் தீர்க்கும் நோக்கில் 2024ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டது.

கண் நிபுணராகும் பாதையின் குறுகலான வாயில் திறமை சார்ந்தது மட்டுமன்று, பணி நிலைமை சார்ந்ததும் ஆகும். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டபோது, நிரந்தரப் பணியாளருக்குக் கிடைத்த நிபுணத்துவப் பயிற்சி வாய்ப்பும் அதற்கான அரசு உதவியும் அவர்களுக்குச் சமமாகக் கிடைக்கவில்லை என்பது முதன்மையான மனக்குறையாக இருந்தது. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடு தழுவிய பணிநிறுத்தம் செய்ததன் பின்னணியில் இதுவும் உண்டு. கண் துறைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கையால் கற்க வேண்டிய தொழிலில் இடைவெளி விழுந்தால் கற்றதும் கரைகிறது. அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று அறியாத இளைஞரிடம் நான்கு ஆண்டுப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பயிற்சியின் முதல் ஆண்டு பெரும்பாலும் அடிப்படை அறிவியலில் செல்கிறது. முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமே உள்ள கண்ணுக்குள் ஒளி எவ்வாறு வளைகிறது, கண்ணின் உள்ளே சுரக்கும் நீர் எவ்வழியே வெளியேறுகிறது, பார்வை நரம்பு மூளையின் எந்தெந்தப் பகுதிகளைக் கடந்து செல்கிறது என்பனவற்றையெல்லாம் பயிற்சியாளர் கற்றுத் தேர வேண்டும். அதே சமயம் வெளிநோயாளர் பிரிவில் கருவிகளோடு பழக்கமும் தொடங்குகிறது. நோயாளி தாடையை ஊன்றி அமர, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணின் மீது சாய்வாகப் பாய்ச்சி நுண்ணோக்கியால் பார்க்கும் ‘ஸ்லிட் லேம்ப்’ அவற்றுள் முதன்மையானது. அந்த ஒளிக்கீற்று கண்ணின் தெளிந்த படலங்களைக் குறுக்குவெட்டாகக் காட்டுவதால், புரை எந்த அடுக்கில் விழுந்திருக்கிறது, கருவிழிப்படலத்தில் புண் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பவை புலப்படுகின்றன.

இதைவிடக் கடினமானது, தலையில் மாட்டிய விளக்கின் ஒளியைக் கையில் பிடித்த வில்லை வழியாகக் கண்ணுக்குள் செலுத்தி விழித்திரையைப் பார்க்கும் முறை. விழித்திரை என்பது கண்ணின் உட்புறச் சுவரில் படிந்துள்ள, ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றும் மெல்லிய திசு. இம்முறையில் தெரியும் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். மேலே தெரியும் கிழிசல் உண்மையில் கீழே இருக்கும். பயிற்சியாளர்கள் தொடக்கத்தில் வரைதாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு தாம் காண்பதை அப்படியே வரைகிறார்கள். தாளை நேராக்கினால் படமும் சரியாக அமைந்துவிடும். வில்லையைக் கண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் பிடிப்பது, நோயாளியை எந்தத் திசையில் பார்க்கச் சொல்வது என்பது கைவர, பல வாரங்களும் பல நோயாளிகளின் பொறுமையும் தேவைப்படுகின்றன. முதல் வாரத்தில் வெறும் சிவப்பொளி மட்டுமே தெரிவது எல்லாருக்கும் நேர்வதுதான்.

பயிற்சியின் மையம் கண்புரை அறுவை. கண்ணின் உள்ளே இருக்கும் இயற்கை வில்லை மங்கிப் போவதே புரை. அந்த வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவதே அதற்கு மருத்துவம். செயற்கை வில்லையை மனிதக் கண்ணில் முதன்முதலாக வைத்தவர் இலண்டனின் ஹரால்ட் ரிட்லி, ஆண்டு 1949. மிகையொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் ‘ஃபேக்கோ’ முறையை 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்தினார். இன்று இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கீறலே போதும். பெரும்பாலும் தையலும் தேவையில்லை. நோயாளிக்கு இது எளிய சிகிச்சையாகத் தெரிவது வியப்பன்று. செய்பவரின் நிலை வேறு.

அறுவை நுண்ணோக்கியின் முன் அமரும் பயிற்சியாளர் இரு கைகளையும் இரு கால்களையும் ஒருசேர இயக்க வேண்டும். ஒரு பாதம் நுண்ணோக்கியின் குவியத்தையும் பெரிதாக்கலையும் மாற்றும் மிதியில் இருக்கும். மற்றொன்று ஃபேக்கோ கருவியின் மிதியில் இருக்கும். அந்த மிதியைச் சற்றே அழுத்தினால் கண்ணுக்குள் நீர் பாயும், இன்னும் அழுத்தினால் உறிஞ்சல் தொடங்கும், அதற்கும் கீழே போனால் மிகையொலி அதிர்வு எழும். மூன்று நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாதம் மட்டுமே உணர்ந்து சொல்ல வேண்டும். மேலே கைகள் புரையின் முன்னுறையில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் திறப்பை, கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடாமல், ஒரே இழையாகச் சுற்றி உரித்தெடுக்க வேண்டும். பின்புறம் இருக்கும் உறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே. அது கிழிந்தால் கண்ணின் உட்கூழ் முன்னே வந்துவிடும். செயற்கை வில்லைக்குரிய இருக்கை பறிபோகும். தொற்றுக்கும் விழித்திரை விலகுவதற்கும் வாய்ப்பு கூடும்.

இதனால்தான் எந்த நல்ல பயிற்சித் திட்டத்திலும் புதியவரிடம் முழு அறுவையையும் ஒரேயடியாக ஒப்படைப்பதில்லை. விலங்குகளின் கண்களில் வெட்டவும் தைக்கவும் பழகிய பின், மனிதக் கண்ணில் ஒவ்வொரு படியாக அனுமதி கிடைக்கிறது. பல இடங்களில் இறுதிப் படிகளே முதலில் கற்பிக்கப்படுகின்றன. ஆசிரியர் புரையை எடுத்து முடித்தபின் செயற்கை வில்லையைச் செருகுவது மட்டும் பயிற்சியாளரின் பங்கு. அது கைவந்ததும் எஞ்சிய துகள்களை உறிஞ்சுவது. பின்னர் புரையை உடைப்பது. வட்டத் திறப்பு போன்ற நுட்பமான படி அதற்குரிய பக்குவம் தெரிந்த பிறகே. ஏதேனும் ஒரு படியில் தடுமாற்றம் நேர்ந்தால் ஆசிரியர் உடனே இடம் மாறி அமர்ந்து அறுவையை முடித்துவிடுகிறார். கணினிவழி ஒப்புருக் கருவிகளும் இப்போது பயன்பாட்டில் உள்ளன. பிரிட்டனில் அக்கருவிகள் பரவிய காலத்தில், முதலிரு ஆண்டுப் பயிற்சியாளர்களின் அறுவைகளில் பின்னுறை கிழியும் அளவு 2009இல் 4.2 விழுக்காடாக இருந்து 2015இல் 2.6 விழுக்காடாகக் குறைந்ததென்று அந்நாட்டு ஆய்வு காட்டியது. முதல் தவறுகளைக் கருவியிடம் செய்துவிட்டு வருவது நோயாளிக்குச் செய்யும் மரியாதை. ஒவ்வொரு பயிற்சி மருத்துவமனைக்கும் இது கிடைக்க வேண்டும்.

அறுவை அரங்கின் மற்றொரு தனித்தன்மை, நோயாளி விழித்திருப்பது. சொட்டு மருந்தாலோ ஊசியாலோ கண் மட்டும் மரத்துப்போயிருக்க, துணிக்குக் கீழே படுத்திருப்பவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார். எனவே ஆசிரியர் பயிற்சியாளரைத் திருத்துவது குரலை உயர்த்தாமல், சில வேளைகளில் கையைத் தொட்டு, நடைபெற வேண்டும். கிள்ளானில் அறுவைக்கு வரும் முதிய தமிழ்ப் பெண்மணிக்கு மலாயோ ஆங்கிலமோ முழுவதும் விளங்காதபோது, “வெளிச்சத்தையே பாருங்கம்மா, தலையை அசைக்காதீங்க” என்று அவர் மொழியில் ஒருவர் சொல்வதும் அறுவையின் பாதுகாப்பில் ஒரு பகுதியே. பல மொழி பேசும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பயிலும் மருத்துவர்கள் எந்த இனத்தவராயினும் தமிழிலும் சீன மொழிகளிலும் இத்தகைய சில தொடர்களைக் கற்றுக்கொள்வது பாடத்திட்டத்தில் எழுதப்படாத, எழுதப்பட வேண்டிய பாடம்.

மருத்துவமனையிலேயே தங்கி, பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுப் பயிலும் முறைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அந்நாட்டில் நிபுணர்களுக்கெனத் தேர்வு வாரியம் முதலில் அமைந்தது கண் மருத்துவத்துக்கே, 1916இல். தமிழ் நிலத்துக்கும் இவ்வரலாற்றில் முந்தைய இடம் உண்டு: சென்னையில் கண் மருத்துவமனை 1819இலேயே தொடங்கி, இன்று எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையாக இயங்குகிறது. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் டாக்டர் கோ. வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழை நோயாளிகளின் பெருந்திரளுக்குச் சிகிச்சை அளிப்பதும் உலகத்தரப் பயிற்சி தருவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று காட்டியது. அறுவைகளின் எண்ணிக்கையே அங்கே கல்வியாகிறது.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதற்கு மலேசியா தந்த விடை குறிப்பிடத்தக்கது. 2002 முதல் அரசுக் கண் பிரிவுகளில் நடைபெறும் புரை அறுவைகளின் விவரங்கள் தேசியப் புரை அறுவைப் பதிவேட்டில் தொகுக்கப்படுகின்றன. நோயாளியின் பார்வை முன்னும் பின்னும் எவ்வளவு, சிக்கல் ஏதும் நேர்ந்ததா என்பவை அதில் அடங்கும். இதையொட்டி, ஒவ்வோர் அறுவையின் முடிவையும் வரைபடத்தில் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகும் ‘கியூசம்’ என்னும் முறையைப் பயன்படுத்தி அறுவை மருத்துவரின் தேர்ச்சியைக் கண்காணிக்கலாம் என்று மலேசியக் கண் மருத்துவர்கள் 2010இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார்கள். விரும்பத்தகாத முடிவுகள் அடுத்தடுத்து வந்தால் கோடு மேலேறி, குறித்த எல்லையைத் தாண்டுகிறது; உடனே ஆசிரியர் தலையிட்டு எந்தப் படியில் கை தடுமாறுகிறது என்று பார்க்கிறார். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து வருந்துவதைவிட, நடக்கும்போதே அறிந்து திருத்துவது மேல். பயிற்சியாளரைத் தண்டிக்க அன்று, நோயாளியையும் அவரையும் ஒருசேரக் காக்க எழுந்த முறை இது. இந்நாட்டு மருத்துவம் பெருமைப்படத்தக்க பணிகளுள் ஒன்று.

இத்தனை உழைப்பும் எதற்காக என்பதை நாட்டின் கண் ஆய்வுகள் சொல்கின்றன. 1996இல் நடந்த முதல் தேசியக் கண் ஆய்வில், இரு கண்ணும் பார்வையற்றோர் 0.29 விழுக்காட்டினர், காரணங்களுள் புரை 39 விழுக்காடு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் பார்வையிழந்தோர் 1.2 விழுக்காட்டினர், அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 58.6 விழுக்காட்டினருக்கு, அறுவை செய்யப்படாத புரையே காரணம். நீரிழிவு விழித்திரை நோய் 10.4 விழுக்காடும், கண்ணின் உள்ளழுத்தம் முதலியவற்றால் பார்வை நரம்பு நலிவுறும் குளோகோமா 6.6 விழுக்காடும் அடுத்து நின்றன. குணப்படுத்தக்கூடிய நோயால் இத்தனை பேர் இருளில் இருப்பது, பயிற்சி பெற்ற கைகள் இன்னும் போதவில்லை என்பதன் அடையாளம். நோயாளிகள் காலத்தில் வந்து சேரவில்லை என்பதன் அடையாளமும்கூட.

மலேசியத் தமிழர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டியவர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பெரிய இனங்களுள் இந்தியரிடையே அது மிக அதிகம். மக்கள் ‘இனிப்பு நீர்’ என்று சொல்லும் இந்நோய், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்து, கசிவையும் இரத்தப் பெருக்கையும் உண்டாக்குகிறது. தொடக்கத்தில் வலி இல்லை, மங்கலும் இல்லை; பார்வை குறைந்து வருபவர் பெரும்பாலும் தாமதித்து வருபவர். இந்நோயாளிகளுக்கு லேசர் சிகிச்சை செய்யவும், கருவிழியின் விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்தவும் பயிற்சியாளர் கற்றுக்கொள்கிறார். விழித்திரை விலகிய கண்ணில் செய்யும் பேரறுவையோ, பட்டம் பெற்ற பின்னும் சில ஆண்டுகள் உட்பிரிவுப் பயிற்சி பெற்றவர்களுக்குரியது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி இந்தக் கதையில் இரு வகையில் இடம்பெறுகிறது. 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. நடைபாதையில் காலால் உணரத்தக்க மேடுகள் பதிந்த ஓடுகளும், பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடிப்பு நிலையங்களும் அப்பகுதிக்கு வழிவழியாக உரியவை. பார்வை இழந்தோருக்குத் தொழில் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், இழப்பைத் தடுக்கவும் முனைந்த அச்சங்கமே பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் கண் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று. மருத்துவம் கைவிட வேண்டிய கண்களும் உண்டு என்பதைப் பயிற்சியாளர் அறிய வேண்டும். “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று அனுப்பிவிடாமல், வெண்கோல் பயிற்சிக்கும் பிரெய்ல் கல்விக்கும் வழிகாட்டுவதும் கண் மருத்துவரின் கடமையே. மாஸ்டர்ஸ் பயிலும் ஒவ்வொருவரும் பிரிக்பீல்ட்ஸில் சில நாட்களேனும் செலவிடும்படி செய்தால், எந்தப் பாடநூலும் தராத அறிவு அவர்களுக்குக் கிடைக்கும்.

நோயாளிக்கும் இதில் உரிமை உண்டு, பங்கும் உண்டு. அறுவைக்கு ஒப்புதல் தரும்போது, செய்பவர் யார், மேற்பார்வையிடும் நிபுணர் யார், அவர் அரங்கில் இருப்பாரா என்று கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. நல்ல பயிற்சி மருத்துவமனை அக்கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. அதே வேளையில், பயிற்சியாளர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மறுப்பதற்கு முன், இன்றைய மூத்த நிபுணர்கள் அனைவரும் முன்பின் அறியாத ஒருவர் நம்பிக் கொடுத்த கண்ணில் கற்றவர்களே என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உரிய காலத்தில் வந்து சேர்வதும் நோயாளியின் பங்கே. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நோய் கண்டறியப்பட்ட உடனே ஒருமுறையும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமலும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் விழித்திரையைப் படம்பிடிக்கும் கருவி உண்டு. சில நிமிடங்களில் முடிகிற, வலியில்லாத சோதனை அது. கண்ணின் பாவை விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால், வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.